ஐஎல்சிஏ 6 டாப் செக்‌ஷன் காலர் ரிவெட் ஓட்டையில் முறிந்துவிட்டது: ஒட்டலாமா, புதிது வாங்கலாமா?

வாடை_22

வணக்கம். படகு ஐஎல்சிஏ 6, ஒருவர் ஓட்டும் சின்னப் பாய்மரப் படகு, முன்பு லேசர் ரேடியல் என்று பெயர். மாஸ்ட் (பாய்மரம்) அலுமினியக் குழாய், கீழே பாட்டம் செக்‌ஷன், மேலே டாப் செக்‌ஷன் என்று இரண்டு துண்டு. சென்னைத் துறைமுகத்துக்குள் நல்ல காற்றில், வாங் (பாயின் அடிக்கட்டையான பூமைக் கீழே இழுக்கும் கயிறு) முழுக்க இறுக்கி, பீட் போகும்போது, அதாவது காற்றை எதிர்த்து ஓட்டும்போது, டாப் செக்‌ஷன் முறிந்துவிட்டது. முறிவு சரியாகக் காலர் (டாப் செக்‌ஷன் உள்ளே இறங்காமல் தாங்கும் பிளாஸ்டிக் வளையம்) ரிவெட் ஓட்டை வழியாகச் சுற்றிப் போயிருக்கிறது. ரிவெட் படகின் முன்பக்கம் பார்த்து இருந்தது.

இப்போதைய நிலை:

- மேலே உள்ள நீளத் துண்டு நேராக இருக்கிறது, நசுங்கல் இல்லை.
- பாட்டம் செக்‌ஷனுக்குள் மாட்டியிருந்த குட்டைத் துண்டு ஏறக்குறைய 35 செ.மீ. அதுவும் வட்டமாகவே இருக்கிறது.
- ஓட்டையைச் சுற்றி வெள்ளைப் பொடி. காலருக்கு அடியிலும் கொஞ்சம் அரிப்பு.
- வெர்னியரில் வெளிவிட்டம் 51 மி.மீ.க்கு மயிரிழை குறைவு, சுவர் சுமார் 2 மி.மீ.

ஆர்கன் வெல்டிங் கடையில் கேட்டால் "அரை மணி நேர வேலை, பற்றவைத்துத் தருகிறேன்" என்கிறார்கள். கிளப்பில் ஒருவர் உள்ளே ஸ்லீவ் (இரண்டு துண்டையும் இணைக்கும் உள்குழாய்) போடச் சொல்கிறார். இன்னொருவர் தூக்கிப் போட்டுவிட்டு காம்போசிட் (ரெசினில் தோய்த்த இழைக் குழாய்) வாங்கச் சொல்கிறார். படகு பெரும்பாலும் பயிற்சிக்கும் கிளப் ரேஸுக்கும்தான். ஸ்லீவ் என்றால் எவ்வளவு நீளம், என்ன குழாய், ரிவெட்டா எபாக்சியா? விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

கொண்டல்

வெல்டிங் வேண்டவே வேண்டாம். இந்தக் குழாய் 6061-டி6 வகை அலுமினியம். அதன் பலம் உலோகத்தில் மட்டும் இல்லை, அதற்குக் கொடுத்த வெப்பப் பதத்தில் இருக்கிறது. 'டி6' என்பது அந்தப் பதத்தின் பெயர். பற்றவைத்த இடத்தை ஒட்டி இரு பக்கமும் இரண்டு மூன்று சென்டிமீட்டருக்கு அந்தப் பதம் போய்விடும். 240 முதல் 275 மெகாபாஸ்கல் வரை தாங்கிய குழாய் அங்கே அதில் பாதியைத் தாங்கினாலே பெரிது. திரும்பப் பதம் ஏற்ற வேண்டுமென்றால் 530 டிகிரி அளவுக்குச் சூடாக்கி, தண்ணீரில் குளிரவைத்து, பிறகு 160–175 டிகிரியில் பல மணி நேரம் வைக்க வேண்டும். அதற்குள் மூன்றரை மீட்டர் குழாய் கோணிக்கொள்ளும். வெல்டிங் கடைக்காரர் மடிப்பை அழகாகத்தான் போடுவார். மாஸ்ட் அந்த மடிப்பில் உடையாது, அதிலிருந்து ஒரு விரல் தள்ளி உடையும்.

ஏன் அங்கே முறிந்தது என்பதையும் பார்த்துவிடுவோம். பழுதுபார்க்கும் முறையே அதில்தான் இருக்கிறது. லேசர் மாஸ்டுக்குத் தாங்கு கம்பிகள் கிடையாது. பாட்டம் செக்‌ஷன் டெக்கில் செருகி நிற்கிறது, டாப் செக்‌ஷன் அதற்குள் செருகி நிற்கிறது, அவ்வளவுதான். (காரின் மேல் கட்டிக் கொண்டுபோகும் படகாகத்தான் புரூஸ் கிர்பி இதை வரைந்தார். அதனால்தான் மாஸ்ட் இரண்டு துண்டு.) வாங்கையும் மெயின்ஷீட்டையும் (பாயை இழுத்துப் பிடிக்கும் கயிறு) இழுக்கும்போது உச்சி பின்னால் வளைகிறது. அப்போது குழாயின் முன்பக்கம் இழுபடுகிறது, பின்பக்கம் அமுங்குகிறது. இந்த வளைவு விசை டாப் செக்‌ஷனில் மிக அதிகமாக இருக்கும் இடம் அது பாட்டம் செக்‌ஷனை விட்டு வெளியே வரும் காலர் விளிம்பு. சரியாக அங்கேயே ஓட்டை. இழுபடும் தகட்டில் வட்ட ஓட்டை இருந்தால் அதன் ஓரத்தில் விசை ஏறக்குறைய மூன்று மடங்காகிறது. ரிவெட் முன்பக்கம் பார்த்திருந்தது என்கிறீர்கள், அதாவது ஓட்டை இழுபடும் பக்கத்திலேயே இருந்திருக்கிறது. காலருக்கு அடியில் உப்புநீர் தங்கி அரித்தும் இருக்கிறது. அலுமினியத்துக்கு 'இந்த அளவுக்குக் கீழே எத்தனை முறை வளைத்தாலும் களைக்காது' என்ற எல்லை கிடையாது. ஒவ்வொரு அலைக்கும் விரிசல் ஒரு மயிரிழை வளரும்.

எனவே ஸ்லீவ் போட்டு ஒட்டி, குழாயைத் தலைகீழாகத் திருப்புங்கள். இப்போது உச்சியாக இருப்பது கீழே வரட்டும், ஒட்டிய முனை மேலே போகட்டும். முறிந்த இடம் அப்போது உச்சியிலிருந்து 35 செ.மீ. கீழே இருக்கும். டாப் செக்‌ஷன் மொத்தம் சுமார் 3.6 மீட்டர், காலருக்கு மேல் தெரிவது 3.25 மீட்டர். பாயின் இழுவை முழுவதும் உச்சியிலேயே விழுகிறது என்று மோசமான கணக்காக வைத்துக்கொண்டாலும், ஒட்டு உள்ள இடத்தில் வளைவு விசை காலர் இடத்தில் இருப்பதில் 0.35 / 3.25, அதாவது ஒன்பதில் ஒரு பங்குதான். இழுவை பாய் முழுக்கப் பரவியிருக்கிறது என்று வைத்தால் நூறில் ஒன்றிரண்டு. உடையாத, ஓட்டையில்லாத நல்ல உலோகம் காலர் இடத்துக்கு வந்துவிடுகிறது.

திருப்பாமல் அதே இடத்தில் ஒட்டினால் 40 செ.மீ. ஸ்லீவ் தேவைப்படும், அந்த ஸ்லீவ் முடியும் இடத்தில் அடுத்த முறிவு வரும். திருப்பினால் மொத்தம் 20 செ.மீ., இரு பக்கமும் பத்துப் பத்து, போதும். எடையும் குறைவு: 20 செ.மீ. ஸ்லீவ் சுமார் 150 கிராம், 40 என்றால் 300. உச்சியில் கூடும் ஒவ்வொரு கிராமும் படகு கவிழ்ந்தால் தெரியும்.

ஸ்லீவுக்குக் குழாய்

கடைக்குப் போக வேண்டாம். எந்த லேசர் கிளப்பிலும் ஷெட் ஓரத்தில் உடைந்த டாப் செக்‌ஷன் ஒன்றாவது கிடக்கும். அதே உலோகம், அதே சுவர். அதில் நசுங்காத, அரிக்காத 21 செ.மீ. வெட்டிக்கொள்ளுங்கள். கிடைக்கவே இல்லையென்றால் பாரிமுனைப் பக்கம் அலுமினியக் கடைகளில் கேட்கலாம், ஆனால் பெயர் சொல்லிக் கேளுங்கள். பொதுவாக எடுத்துத் தருவது ஜன்னல் சட்டத்துக்கான ஹெச்.ஈ.9 (63400). அது 6063, மென்மையானது. உங்களுக்கு வேண்டியது ஹெச்.ஈ.20 (65032), இல்லாவிட்டால் ஹெச்.ஈ.30 (64430), டபிள்யூ.பி. பதம். டபிள்யூ.பி. என்றால் டி6.

ஒரே அளவுக் குழாய் அதற்குள்ளேயே நுழையாது. நீளவாக்கில் ஒரு கீற்றை வெட்டி எடுத்துவிட்டு, 'சி' வடிவில் இறுக்கி நுழைக்க வேண்டும். கீற்றின் அகலம் சுவர்த் தடிமனைப் போல் 6.3 மடங்கு. சுவர் 2 மி.மீ. என்றால் 12.6 மி.மீ. பசைக்கு இடம் வேண்டும் என்பதால் 14 மி.மீ. எடுங்கள். 2 மி.மீ. சுவரில் இந்த அளவு இறுக்கம் உலோகம் நிரந்தரமாக மடங்கும் எல்லைக்குச் சற்றுக் கீழே நிற்கும். விட்டதும் விரிந்து உட்சுவரை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். ஹாக்ஸாவால் வெட்டி, அரம் போட்டு, ஓரங்களில் பிசிறே இல்லாமல் எமரி தேயுங்கள். ஸ்லீவின் இரு முனைகளையும் நேராக விடாமல் மீன்வால் போல வெட்டினால் விறைப்பு படிப்படியாகக் குறையும். உச்சியில் அது கட்டாயமில்லை, ஐந்து நிமிட வேலைதானே, செய்துவிடுங்கள்.

வேலை

முதலில் காலர், அடிப் பிளக், உச்சிப் பிளக் மூன்றின் ரிவெட்டையும் 4.8 மி.மீ. பிட்டால் தலையை மட்டும் ட்ரில் செய்து தட்டி விடுங்கள். ரிவெட்டின் வால் உள்ளே விழுந்து கிடக்கும். ஒட்டுவதற்கு முன் குழாயைச் சாய்த்து வெளியே எடுங்கள், இல்லையென்றால் ஆயுசுக்கும் உள்ளே கிலுகிலுக்கும். காலரைக் கழற்றும் முன் அடிமுனையிலிருந்து காலரின் கீழ் விளிம்புவரை நீளம் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். உடைந்துபோனதால் குட்டைத் துண்டில் அளவு தவறலாம், வேறொரு நல்ல டாப் செக்‌ஷனில் அளப்பது நல்லது.

இரண்டு முறிவு முகங்களையும் விரிசலும் அரிப்பும் போகும்வரை சதுரமாக வெட்டுங்கள். நேராக வெட்ட ஒரு தாளை குழாயைச் சுற்றி ஓரம் ஓரத்தோடு பொருந்தும்படி ஒட்டினால் அதுவே கோடு.

ஒட்டும் பகுதியை அசிட்டோனால் துடையுங்கள். பெயின்ட் தின்னர் எண்ணெய்ப் படலம் விட்டுப் போகும், வேண்டாம். 80-ஆம் நம்பர் எமரியால் தேயுங்கள். குழாயின் உட்பக்கத்துக்கு எமரியைக் குச்சியில் சுற்றி, 11 செ.மீ. ஆழம்வரை. மறுபடி அசிட்டோன். தேய்த்த அலுமினியத்தில் அந்த நொடியிலேயே ஆக்சைடு படர ஆரம்பிக்கும். அதனால் உடனே மெல்லிய எபாக்சி பூசி, அந்த ஈர எபாக்சியின் மேலேயே இன்னொரு முறை 80 எமரியால் தேயுங்கள். புது உலோகம் காற்றையே பார்க்காமல் பசையைப் பார்க்கும். அலுமினிய ஒட்டு விட்டுப்போவதில் பெரும்பாலானவை இந்த ஒரு படியைத் தவிர்த்தவை.

பசைக்கு அரால்டைட் ஸ்டாண்டர்டு எபாக்சி போதும் (தொழிற்சாலைப் பெயர் ஏ.டபிள்யூ. 106, ஹெச்.வி. 953). எடையில் 100-க்கு 80, கன அளவில் சரிபாதி. 30 கிராம் கலந்தால் இந்த வேலைக்கு மிஞ்சும். ஐந்து நிமிட வகை வேண்டாம், ஈரத்துக்குத் தாங்காது. காசிமேட்டில் எஃப்.ஆர்.பி. (கண்ணாடி இழை) வள்ளங்களுக்கு ஊற்றும் பாலியெஸ்டர் ரெசினை யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள், அது அலுமினியத்தில் பிடிக்கவே பிடிக்காது. பங்குனி, சித்திரை வெயிலில் 25 டிகிரிக்குச் சொன்ன நேரம் பாதியாகிவிடும். விடியற்காலையில் கலக்குங்கள்.

மூன்று ஹோஸ் கிளாம்ப் போட்டு ஸ்லீவை இறுக்கி, இரு பக்கமும் பசை பூசி, குட்டைத் துண்டுக்குள் தள்ளிக்கொண்டே கிளாம்ப்பை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். பாதிக்கு வந்ததும் நிறுத்தி நீளத் துண்டை மாட்டுங்கள். ஸ்லீவின் பிளவு பக்கவாட்டில், இடமோ வலமோ, இருக்கட்டும், முன்னும் பின்னும் வேண்டாம். நேராக இருக்கிறதா என்று பார்க்க ஒரு நீள இரும்பு 'எல்' ஆங்கிளில் படுக்கவைத்துக் கட்டி ஒரு முழு நாள் விடுங்கள்.

அடுத்த நாள் ரிவெட். பக்கத்துக்கு நான்கு, 4.8 மி.மீ. அலுமினியம், மூடிய முனை வகை, பதிந்த தலை. ஒட்டுக்கோட்டிலிருந்து 25, 75 மி.மீ. தூரத்தில், ஒரே வட்டத்தில் வராமல் மாற்றி மாற்றி. முன்பக்கத்தை விட்டுவிடுங்கள். தலை துருத்தினால் பாயின் லஃப் ஸ்லீவ் (மாஸ்டின் மேல் மாட்டும் துணி உறை) உரசிக் கிழியும். அதே காரணத்தால்தான் வெளிப்பக்கம் பட்டை போட்டு ஒட்டுவதும் இந்தப் படகில் நடக்காது.

---

ஸ்டார்போர்டு டாக்

திருப்பிப் போடுவது சரி. ரிவெட் எதற்கு? கணக்கைப் பாருங்கள்: பக்கத்துக்கு 100 மி.மீ. நீளம், சுற்றளவு 147 மி.மீ., ஒட்டும் பரப்பு 14,700 சதுர மி.மீ. மட்டமான ஒட்டு என்று சதுர மி.மீ.க்கு 5 நியூட்டன் வைத்தாலும் ஏழு டன் இழுக்க வேண்டும். நல்ல குழாயில் எட்டு ஓட்டை போட்டு உப்பை உள்ளே அழைப்பானேன்? ஓட்டையில் உடைந்த மாஸ்டுக்கு மருந்து இன்னும் எட்டு ஓட்டையா?

ரேஸ் பற்றி. ஐஎல்சிஏ விதிகளில் பழுதுபார்ப்பு அனுமதி உண்டு, ஆனால் பாகத்தின் அடிப்படை வடிவம், தன்மை, செயல்பாடு மாறக் கூடாது. உள்ளே ஸ்லீவ் என்றால் விறைப்பு மாறுகிறது என்று யாராவது எதிர்ப்பு மனு கொடுத்தால் பதில் சொல்வது கஷ்டம். கிளப் ரேஸில் ரேஸ் ஆபீசரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், மாநில, தேசியப் போட்டிக்கு இதைக் கொண்டுபோகாதீர்கள். நிரந்தர வளைவு உள்ள மாஸ்டுக்கும் அங்கே இடமில்லை, அதையும் நினைவில் வையுங்கள்.

புதிது வாங்குவதாக இருந்தால் அலுமினியத்தில் மறுபடி காசு போடாதீர்கள். காம்போசிட் டாப் செக்‌ஷன் 2017 முதல் அனுமதிக்கப்பட்டது, ஐஎல்சிஏ 4, 6, 7 மூன்றுக்கும் ஒரே டாப் செக்‌ஷன்தான். விறைப்பை அலுமினியத்தை ஒட்டியே வைத்திருக்கிறார்கள், ஆனால் வளைந்தால் திரும்பி நேராகிவிடும், நிரந்தரக் கூன் விழாது. வாங்கும்போது வகுப்பின் அங்கீகார முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அளவு பொருந்துகிறது என்பதற்காக முத்திரையில்லாத நகலை வாங்கினால் பயிற்சிக்கு மட்டும்தான். மணலில் உருட்டாதீர்கள், கீறல் காம்போசிட்டுக்குப் பகை.

---

கொண்டல்

ஏழு டன் கணக்கு 25 டிகிரிக்கு. சென்னையில் மத்தியான வெயிலில் கிடக்கும் மாஸ்டைக் கையால் தொட முடியாது. இந்த வகை அரால்டைட் 60 டிகிரியை நெருங்கும்போது பலத்தில் பெரும்பகுதியை இழந்துவிடும். அதோடு உப்புநீர் ஓரத்திலிருந்து ஒட்டுக்குள் மெல்ல ஊரும், ஓராண்டு கழித்துத்தான் தெரியும். ரிவெட் வலுவுக்கு அல்ல, பசை விட்டால் உச்சி கழன்று பாயோடு போகாமல் இருக்க. ஓட்டை விரிசல் விடுமே என்றால், விசை ஒன்பதில் ஒரு பங்காக இருக்கும் இடத்தில் மூன்று மடங்கு ஆனாலும் காலர் இடத்தின் சாதாரண விசையில் மூன்றில் ஒன்றுதான். ஒட்டியதை நிழலில் வைப்பார், ஆண்டுதோறும் பிரித்துப் பார்ப்பார் என்றால் ரிவெட் இல்லாமலும் விடலாம். எட்டுக்குப் பதில் நான்கு போட்டாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை.

விதி பற்றிச் சொன்னது சரி.

---

சோழகம் (திருகோணமலை)

முறியாமல் வளைஞ்சு மட்டும் போனவைக்கும் பயன்படும் எண்டு இதை எழுதிறன், இஞ்ச அதுதான் கூட நடக்கிறது. ஆழமில்லாத இடத்தில கவிழ்ந்து உச்சி சேற்றில குத்தினால் காலருக்குச் சற்று மேல கூன் விழும்.

முதல் கூனின் இடத்தைக் கண்டுபிடிக்க வேணும். குழாயைச் சமமான சீமெந்து நிலத்தில உருட்டுங்கோ, எழும்பி எழும்பி உருண்டால் வளைவு இருக்கு. பிறகு முனையிலயிருந்து முனைக்கு மீன்பிடி நைலோன் இழையை இறுக்கிக் கட்டி, இழைக்கும் குழாய்க்கும் இடைவெளி கூடின இடத்தில அடையாளம் போடுங்கோ. அந்த அடையாளத்துக்கு இரண்டு பக்கமும் அரை மீற்றர் தள்ளி மரக்கட்டை வைச்சு, மேல பழைய கம்பளம் போட்டு, கூன் மேல பார்க்கக் குழாயை வையுங்கோ. அடையாளத்தில மணல் மூட்டையை வைச்சு அதுக்கு மேலால மெல்ல அமத்த வேணும். கால் முழங்காலால நேர குழாயில அமத்தினால் நசுங்கும். அலுமினியம் திரும்பித் துள்ளும், அதால நேர்மட்டத்தையும் தாண்டி அமத்தி விட்டால்தான் நேர வரும். ஒருதரம் அமத்தினால் ஒருதரம் இழை பிடிச்சுப் பார்க்க வேணும். அவசரப்பட்டு மறுபக்கம் வளைச்சால் இரண்டு மடங்கு வேலை.

வேர்னியரால குறுக்கும் நெடுக்கும் அளந்து பாருங்கோ. ஒரு மி.மீற்றருக்கு மேல முட்டையாயிருந்தாலோ, உள்வளைவில சுருக்கம் தெரிஞ்சாலோ நிமித்தாதேங்கோ, அது முடிஞ்ச குழாய். ஒருக்கா நிமித்தின இடம் திரும்ப வளைஞ்சாலும் அப்படித்தான். நிமித்தின பிறகு கொண்டல் சொன்னமாதிரித் தலைகீழாக்கிப் போடுங்கோ, களைச்ச இடம் மேல போயிடும்.

ஸ்லீவுக்குக் கார்பன் குழாய் போடலாமோ எண்டு ஆரும் கேக்க முந்திச் சொல்லிறன்: கார்பனும் அலுமினியமும் உப்புத்தண்ணியில நேர தொட்டால் அலுமினியம் அரிச்சுத் தீரும். நடுவில ஒரு சுற்றுக் கண்ணாடி இழைத் துணி எபொக்சியோட கட்டாயம் இருக்க வேணும். அதைவிட அலுமினியமே சுகம்.

---

வாடை_22

எல்லோருக்கும் நன்றி. வெல்டிங் யோசனையை விட்டாயிற்று. கிளப் ஷெட்டில் பழைய டாப் செக்‌ஷன் கிடைத்தது, சுவர் அதே 2 மி.மீ. அரிப்பு போகும்வரை வெட்டியதில் இரண்டு பக்கமும் சேர்த்து 14 மி.மீ. போய்விட்டது. நான்கு கேள்வி:

1. இந்த 14 மி.மீ. குறைவால் பாய் பொருந்தாமல் போகுமா?
2. ஸ்லீவ் பாதியில் நிற்காமல் உள்ளே போய்விட்டால் என்ன செய்வது?
3. புதுக் காலர் ஓட்டையை எங்கே போட வேண்டும்? காலரை ரிவெட்டே இல்லாமல் எபாக்சியில் ஒட்டிவிடலாமா?
4. பாட்டம் செக்‌ஷனில் கூஸ்நெக் (பூமை மாஸ்டில் மாட்டும் பொருத்து) ரிவெட்டுக்குப் பக்கத்தில் ஒரு மெல்லிய கோடு தெரிகிறது. கீறலா விரிசலா தெரியவில்லை.

---

கொண்டல்

முதல் இரண்டுக்கும் ஒரே பதில். ஸ்லீவுக்கு எடுத்த பழைய குழாயிலிருந்தே 14 மி.மீ. வளையம் ஒன்று வெட்டுங்கள், பிளக்காமல். ஸ்லீவின் நடுவில் அதை ஏற்றிவிட்டால் குழாயின் வெளிவிட்டத்தோடு சமமாக உட்காரும், போன நீளம் திரும்ப வந்துவிடும். குட்டைத் துண்டின் வாயில் முட்டி நிற்பதும் அதுதான், எனவே ஸ்லீவ் பாதிக்கு மேல் உள்ளே போகவே போகாது. வளையத்தின் இரு முகமும் சதுரமாக இருக்க வேண்டும், அதில் கோணல் இருந்தால் உச்சி கோணும். வளையத்தின் உட்பக்கத்தையும் தேய்த்துப் பசை பூசுங்கள். ஒட்டும் முன் பசையில்லாமல் ஒருமுறை முழுக்க மாட்டி மொத்த நீளத்தை நல்ல டாப் செக்‌ஷனோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பசை பூசிய பிறகு அரம் தேட நேரம் இருக்காது.

மூன்றாவது. காலர் பிளாஸ்டிக், எபாக்சி அதில் நம்பும்படி பிடிக்காது. பாயை கன்னிங்ஹாம் கயிற்றால் கீழே இழுக்கும்போதும் வாங் இறுக்கும்போதும் டாப் செக்‌ஷனைக் கீழே அமுக்கும் விசையைக் காலர்தான் தாங்குகிறது. ரிவெட் இல்லாமல் விட்டால் காலர் நழுவி டாப் செக்‌ஷன் உள்ளே இறங்கும். ஒரே ஒரு ரிவெட், பின்பக்கம். அங்கே உலோகம் அமுங்குகிறது, விரிசல் வாய் திறக்காது. சென்டர் பஞ்சால் லேசாக மட்டும் அடையாளம். முதலில் 3 மி.மீ., பிறகு 4.9 மி.மீ. பிட். துளையின் இரு விளிம்பிலும் பிசிறு எடுங்கள். உள் விளிம்புக்குக் கை எட்டாது, குச்சியில் சுருட்டிய எமரி போதும். ஸ்டெயின்லெஸ் ரிவெட் போடாதீர்கள். அலுமினிய ரிவெட், இல்லாவிட்டால் மோனெல் (நிக்கல்-செம்புக் கலவை). எதுவானாலும் டியூராலக் மாதிரி ஒரு காப்புப் பசை தடவிப் போடுங்கள். வெள்ளைப் பொடி மறுபடி வராமல் இருப்பது இதனால்தான்.

டாப் செக்‌ஷன் பாட்டம் செக்‌ஷனுக்குள் சுழலும் என்பதால் ரிவெட் பின்னால் நிற்கிறது என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். கூஸ்நெக்குக்கு நேர்மேலே ரிவெட் வரும்படி இரண்டு துண்டிலும் மார்க்கரால் கோடு போட்டு, மாஸ்டைப் பூட்டும்போது கோடும் கோடும் சேர்த்து இணைப்பைச் சுற்றி ஒரு சுற்று டேப் ஒட்டுங்கள்.

நான்காவது, பாட்டம் செக்‌ஷன். அதை இன்றே பாருங்கள், டாப் செக்‌ஷனை விட அதுதான் அவசரம். வெல்டிங் சாமான் கடைகளில் டை பெனட்ரன்ட் ஸ்ப்ரே (விரிசலைக் காட்டும் சாயம்) மூன்று டப்பாவாகக் கிடைக்கும்: கிளீனர், சிவப்பு, வெள்ளை. கோட்டைச் சுத்தம் செய்து சிவப்பை அடித்து, டப்பாவில் போட்டிருக்கும் நேரம்வரை ஊற விட்டு, துணியால் துடைத்து, வெள்ளையை மெல்லியதாகத் தூவுங்கள். கீறல் என்றால் வெள்ளை வெள்ளையாகவே நிற்கும். விரிசல் என்றால் சிவப்புக் கோடு ஊறி வெளியே வரும்.

சிவப்பு வந்தால் பாட்டம் செக்‌ஷனுக்கு ஸ்லீவ் வேண்டாம். அங்கே பூம் முன்னால் தள்ளுகிறது, வாங் கீழே இழுக்கிறது, முழு மாஸ்டின் வளைவு விசையும் டெக் மட்டத்தில் குவிகிறது. திருப்பி வைத்து ஒளித்துவிட இடமும் இல்லை. மேலே உடைந்தால் பாய் தண்ணீரில் விழும். கீழே உடைந்தால் டெக்கையும் மாஸ்ட் குழியையும் பெயர்த்துக்கொண்டு போகும், பழுதுச் செலவு மாஸ்ட் விலையைத் தாண்டும். மாற்றிவிடுங்கள். 6-க்கான பாட்டம் செக்‌ஷன் தனி நீளம், 7-இன் பழையதை யாராவது சும்மா கொடுத்தாலும் பொருந்தாது.

---

ஸ்டார்போர்டு டாக்

ஒட்டி முடித்ததும் தண்ணீர்ச் சோதனை செய்யாமல் படகில் ஏற்றாதீர்கள். இந்தக் குழாயின் உள்ளே சுமார் 6 லிட்டர் இடம் இருக்கிறது. ஒட்டோ உச்சிப் பிளக்கோ கசிந்தால் கவிழ்ந்தபோது அந்த 6 கிலோ தண்ணீரும் மாஸ்டின் மேல்பாதியில் சேர்ந்து படகு தலைகீழாகிவிடும், நிமிர்த்த ஆள் தேவைப்படும். இரண்டு பிளக்கையும் சிலிகானோடு ரிவெட் செய்து, ஒட்டிய முனையை ஒரு டிரம் தண்ணீரில் பத்து நிமிடம் அமுக்கிப் பிடியுங்கள். குமிழி வரும் இடத்தைத் துடைத்துக் காயவைத்து எபாக்சியை மெல்ல ஊரவிடுங்கள்.

பிறகு எடைச் சோதனை. பாட்டம் செக்‌ஷனைத் தரையில் கிடத்திக் கட்டி, டாப் செக்‌ஷனை மாட்டி, காலர் ரிவெட் மேல்நோக்கி இருக்கும்படி வைத்து உச்சியில் கயிறு கட்டி மேலே தூக்குங்கள். பீட் போகும்போது வளையும் திசை அதுதான். மீன் எடைபோடும் தராசு கயிற்றில் மாட்டி 10 கிலோ காட்டும்வரை இழுங்கள், ஒட்டில் காது வையுங்கள். 'டிக்' என்று கேட்டால் பசை விட்டிருக்கிறது. அதை அப்படியே கடலுக்குக் கொண்டுபோக வேண்டாம், ரிவெட்டை எடுத்து மறுபடி ஒட்டுங்கள். சத்தம் இல்லை, கயிற்றை விட்டதும் நைலான் இழைக்கு நேராகத் திரும்புகிறது என்றால் ஏற்றலாம்.

---

சோழகம் (திருகோணமலை)

ஓடி முடிஞ்ச பிறகு இரண்டு துண்டையும் பூட்டினபடி விடாதேங்கோ. நல்ல தண்ணி அடிச்சுக் கழுவிக் கழட்டி வையுங்கோ. உப்பும் மணலும் இடையில இறுகினால் இரண்டு பேர் இழுத்தாலும் வராது. அப்படிப் பிடிச்சுப் போனால் சுத்தியலால அடிக்காமல், பாட்டம் செக்‌ஷனின் வாயில சுடுதண்ணி ஊத்திச் சுழட்டிப் பாருங்கோ. பாட்டம் செக்‌ஷன் விரிஞ்சு விடும். எரிவாயு அடுப்போ தீயோ காட்டாதேங்கோ, ஒட்டின எபொக்சியும் போகும், குழாயின்ர பதமும் போகும்.

---

வாடை_22

டை பெனட்ரன்ட் அடித்தேன். கூஸ்நெக்கின் கீழ் ரிவெட்டிலிருந்து 9 மி.மீ. நீளத்துக்குச் சிவப்புக் கோடு வந்துவிட்டது. பாட்டம் செக்‌ஷன் புதிதாகச் சொல்லியாயிற்று. டாப் செக்‌ஷன் வளையத்தோடு பசையில்லாமல் மாட்டிப் பார்த்ததில் நல்லதைவிட 1 மி.மீ. நீளம். வளையத்தை எமரியில் தேய்த்துக் குறைத்துவிட்டு நாளை விடியலில் ஒட்டுகிறேன்.